ஐந்தாவது ஆள்: காலனி ஆட்சியில் கொள்ளையும் கொள்ளை ஒழிப்பும்

நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் புகுந்து, கத்தியைக் காட்டி நகையைப் பறித்துக்கொண்டு போனால் அது வெறும் கொள்ளை. அதே வேலையை ஐந்து பேர் சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 391ஆம் பிரிவில் இப்படித்தான் கோடு கிழித்தது. முதல் குற்றத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டுச் சிறை என்றால், ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் தண்டனை ஆயுள்வரை நீளும். ஓர் ஆள் கூடியதால் பறிபோன நகையின் எடை கூடிவிடப் போவதில்லை. ஆனால் ஐவர் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் அரசுக்கே சவால் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள்.

வட இந்திய மொழிகளில் வழங்கிய ‘டாக்கு’, ‘டகைத்’ போன்ற சொற்களிலிருந்து இந்தக் குற்றத்துக்கு ‘டகாய்ட்டி’ என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் அதற்குத் தீவட்டிக் கொள்ளை என்ற அழகான, அச்சமூட்டும் பெயர் உண்டு. கன்னம் வைத்துத் திருடுகிறவன் ஊர் விழித்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைத் துளைப்பான்; தீவட்டிக் கொள்ளைக்காரன் பந்தம் கொளுத்தி, வேல்கம்புகளோடு, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணக்காரர் வீட்டுக் கதவை உடைப்பான்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன் பின்வந்த பிரிட்டிஷ் அரசும் கொள்ளையை ஒடுக்கிய வரலாற்றை முதன்முதலாகப் படிக்கிறவர்கள், ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே போனால் வழி தவறாது: இந்தச் சட்டம் ஒருவன் செய்ததைத் தண்டிக்கிறதா, அவன் யாரோடு சேர்ந்திருந்தான் என்பதைத் தண்டிக்கிறதா, அல்லது அவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்பதைத் தண்டிக்கிறதா? ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் சட்டம் இந்த மூன்று படிகளையும் கடந்து கீழே இறங்கியது.

காவலும் களவும்

கம்பெனி வருவதற்கு முன் கொள்ளையனுக்கும் அரசனுக்கும் நடுவே இருந்த கோடு அவ்வளவு தெளிவானதாக இல்லை. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவதைப் போரின் முதல் திணையாகவே வைத்துப் பாடிய மொழி நம்முடையது என்பதை நினைத்துப் பார்த்தால் இது புதிராகத் தோன்றாது. மராட்டியப் படைகளோடு கூலியில்லாமல் சேர்ந்து சென்று, சூறையாடியதையே சம்பளமாக எடுத்துக்கொண்ட பிண்டாரிக் குதிரைக் கூட்டங்களைக் கம்பெனி 1817–18 போரில் ஒழித்தது. அந்தப் போரையொட்டி, பிண்டாரிகளோடு கைகோத்திருந்த படைத்தலைவர் அமீர் கானுக்கு ராஜஸ்தானத்தில் டோங்க் என்ற சமஸ்தானமே கிடைத்தது. சீத்து என்ற பிண்டாரித் தலைவர் உடன்படிக்கைக்கு இணங்காமல் காட்டுக்குள் ஓடிப் புலிக்கு இரையானார். ஒருவர் நவாப் ஆனதும் மற்றவர் கொள்ளையனாகவே செத்ததும் அவரவர் செய்த கொள்ளையின் அளவைப் பொறுத்தவை அல்ல. கையெழுத்துப் போட்டதையும் போடாததையும் பொறுத்தவை.

தென்தமிழகத்தில் இதன் இன்னொரு வடிவம் காவல் முறை. ஊர்க் காவலுக்குச் சில குடும்பங்கள் பொறுப்பேற்று, அறுவடையில் ஒரு பங்கைக் காவல்கூலியாகப் பெற்றுக்கொண்டன. ஊருக்கு ஒன்றாகத் தலக்காவலும், பல ஊர்களைச் சேர்த்துத் தேசக்காவலும் இருந்தன. காவலில் இருக்கும் ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது விதி. ஊர்களும் வணிகர்களும் இதைச் சம்மதித்துக் கொடுத்தார்களா, அச்சத்தால் கொடுத்தார்களா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். மதுரைச் சீமையில் இதற்குத் ‘துப்புக்கூலி’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய உழவு மாடுகள் இரவில் காணாமல் போகும். சில நாட்களில் ஓர் ஆள் வந்து, மாட்டின் விலையில் பாதியளவு பணத்தை இன்ன இடத்தில் கொண்டுபோய் வைத்தால் துப்புக் கிடைக்கும் என்பார். பணம் வைத்த பிறகு, மாடுகள் ஏதாவது ஓர் ஒதுக்குப்புறத்தில் கட்டப்பட்டு, அசைபோட்டபடி நிற்கும். மாட்டுக்காரர் போலீஸ் கச்சேரிக்குப் போக மாட்டார். போனால் அடுத்த முறை மாடு திரும்பாது என்பது அவருக்குத் தெரியும்.

1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டுப் பாளையங்கள் ஒடுக்கப்பட்ட பிறகு, இந்தக் காவல் உரிமைகளைக் கம்பெனி சட்டவிரோதம் ஆக்கியது. ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஊர்க் காவலைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தன. காவல்கூலி என்று வாங்கியதை அரசு மிரட்டல் பணம் என்று பதிவு செய்யத் தொடங்கியது. வருமானம் போனவர்களுக்கு மாற்று நிலமோ வேலையோ பெரும்பாலும் கிடைக்கவில்லை. வங்காளத்திலும் இதே கதைதான்: 1793இன் நிலவரி ஏற்பாட்டின்கீழ் ஜமீன்தார்கள் தம் காவற்படைகளைக் கலைக்க வேண்டியதாயிற்று; அந்த இடத்தை நிரப்ப வந்த தரோகா என்ற காவல் அதிகாரி, சுமார் 20 மைல் நீள அகலமுள்ள ஒரு தாணாவை, அதாவது காவல் எல்லையை, ஒரு கைப்பிடி ஆட்களோடு காக்க வேண்டியிருந்தது. வேலையிழந்த காவலாட்கள் பலர் கொள்ளைக் கூட்டங்களில் சேர்ந்தார்கள். எந்தக் கொள்ளையை ஒழிக்கப் பின்னாளில் சட்டங்கள் வந்தனவோ, அதன் ஒரு பகுதி அரசே உண்டாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்ககாலத் தண்டனைகள் கொடூரமானவை. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் கொண்டுவந்த விதியின்படி, தண்டிக்கப்பட்ட டகாய்ட்டை அவனுடைய சொந்த ஊருக்கே கொண்டுபோய்த் தூக்கிலிட வேண்டும். ஊருக்கு அபராதம் விதிக்க வேண்டும். அவன் குடும்பத்தாரை அரசின் அடிமைகளாக்க வேண்டும். கொள்ளையனின் மனைவி மக்களும் குற்றத்தில் பங்காளிகள் என்ற எண்ணம் அப்போதே முளைவிட்டிருந்ததை இங்கே கவனிக்கலாம்.

தக்குகளும் அப்ரூவர்களும்

இந்த வரலாற்றின் திருப்புமுனை, மத்திய இந்தியாவின் சாலைகளில் நிகழ்ந்த தக் ஒழிப்பு. ‘தக்’ என்றால் வடமொழிகளில் ஏமாற்றுக்காரன். இவர்கள் வழிப்போக்கர்களோடு வழிப்போக்கர்களாகச் சேர்ந்து நாட்கணக்கில் நடப்பார்கள். நம்பிக்கை பிறந்த பிறகு, மாலையில் இளைப்பாறும் இடத்தில், ‘புகையிலை எடு’ என்பதுபோன்ற சாதாரணச் சொல் ஒன்று அடையாளக் குரலாக எழும். துண்டால் கழுத்தை இறுக்கிக் கொன்று, உடலை முன்கூட்டியே வெட்டிவைத்த குழியில் புதைத்துவிடுவார்கள். சாட்சி சொல்ல ஒருவரையும் விட்டுவைக்காததால், காணாமல் போனவர் ஊர் திரும்பவில்லை என்பதே பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். விடுப்பில் சம்பளப் பணத்தோடு ஊருக்குப் போன சிப்பாய்கள் பலர் திரும்பி வராததால், 1810இலேயே ராணுவம் அவர்களுக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் இவர்களைப் போன்றவர்களைப் ‘பான்சிகர்’, அதாவது சுருக்குக் கயிற்றுக்காரர் என்றார்கள். 1807இல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே ஒரு கூட்டம் பிடிபட்டது.

ஜபல்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஸ்லீமன் 1830 வாக்கில் இந்தப் பணியைக் கையிலெடுத்தார். அவருடைய ஆயுதம் அப்ரூவர். பிடிபட்டவர்களில் ஒருவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, அவர் வாயாலேயே மற்றவர்களின் பெயர், ஊர், கொலை நடந்த இடம் எல்லாவற்றையும் வாங்குவது; அதை இன்னொரு அப்ரூவரின் வாக்குமூலத்தோடு ஒப்பிடுவது; பிறகு இடத்தைத் தோண்டி எலும்புகளை எடுப்பது. அவர்களில் மிகவும் பேர்பெற்றவர் பெரிங்கியா. ஒரு மாந்தோப்பில் ஸ்லீமன் மனைவியோடு கூடாரம் அடித்துத் தங்கியிருந்தபோது, அந்தக் கூடாரத்துக்கு அடியிலும் குதிரைகள் கட்டியிருந்த இடத்திலும் பிணங்கள் புதைந்திருப்பதாகப் பெரிங்கியா சொன்னதையும், தோண்டியபோது அவை வரிசையாக வெளிவந்ததையும் ஸ்லீமனே எழுதியிருக்கிறார். இதைப் படிக்கிற எவருக்கும் தக்குகள் வெறும் கற்பனை என்ற எண்ணம் எழாது. ஆனால் அவர்கள் எல்லோரும் காளியை வழிபட்டுக் கொலையை மதக்கடமையாகச் செய்த இந்தியா தழுவிய ரகசியச் சங்கம் என்ற சித்திரத்தை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. தக்குகளில் முஸ்லிம்கள் ஏராளம். போர்கள் முடிந்து வேலையிழந்த வீரர்களும், பருவத்துக்கு உழுது பருவத்துக்குச் சாலைக்குப் போன குடியானவர்களும் இருந்தார்கள். சில ஜமீன்களில் தக் வீடுகளுக்கென்று தனி வரியே வசூலிக்கப்பட்டது. என் கணிப்பில், கொலைகள் உண்மை, அவற்றைச் சுற்றிக் கட்டப்பட்ட கோயில்தான் ஆங்கிலேயருடையது.

சட்டத்தின் பார்வையில் இங்கே நடந்தது இன்னும் முக்கியமானது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டில் நடந்த கொலையில் இன்னார் கயிறு போட்டார் என்று நிரூபிப்பது கடினம். கம்பெனி நீதிமன்றங்கள் அப்போது இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தைத் தழுவியே நடந்தன. கூட்டாளி ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டிக்க அந்தச் சட்டம் தயங்கியது. ஆகவே 1836ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் குறுக்கு வழி கண்டது. ஒருவர் எப்போதாவது, சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, கம்பெனி எல்லைக்குள்ளோ வெளியிலோ, ஒரு தக் கூட்டத்தைச் சேர்ந்திருந்தார் என்று காட்டினால் போதும். ஆயுள்காலக் கடுங்காவல் உறுதி. இஸ்லாமியச் சட்ட அதிகாரிகளான காஜிகளிடம் பத்வா, அதாவது சட்டக் கருத்து, கேட்கவும் தேவையில்லை. முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்குச் சட்டம் இறங்கிய இடம் இதுதான். 1831 முதல் 1837 வரை 3,000க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். 400க்கும் மேற்பட்டோர் தூக்கிலேறினார்கள். 1839இல் டகாய்ட்டிகளையும் இதே துறையிடம் ஒப்படைத்தார்கள். ‘தக்’ என்ற குற்றம் தண்டனைச் சட்டத்தின் 310ஆம் பிரிவாக 2024 ஜூன் வரை ஏட்டில் இருந்தது; புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை, 310 என்ற அந்த எண் இப்போது கூட்டுக் கொள்ளைக்குப் போயிருக்கிறது.

ஸ்லீமன் செய்த இன்னொரு காரியம் அப்போது பெரிதாகத் தெரிந்திருக்காது. அப்ரூவர்கள் சொல்லச் சொல்ல, தக் குடும்பங்களின் வம்சாவளிகளை அவர் வரைந்துவைத்தார்: தாத்தா தக், மகன் தக், பேரன் தக். விடுதலை செய்ய முடியாத அப்ரூவர்களை ஜபல்பூரில் குடும்பத்தோடு ஓரிடத்தில் குடிவைத்து, கம்பளமும் கூடாரத் துணியும் நெய்ய வைத்தார்கள். வம்சாவளிப் பட்டியல், வேலி போட்ட குடியிருப்பு, கைத்தொழில் பயிற்சி ஆகிய மூன்றும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பெயரில் திரும்பி வந்தன.

பிறப்பே குற்றமான சட்டம்

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மூன்றாவது படி. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகையால் திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்ற வாதம் அதை முன்வைத்தவர்களிடம் வெளிப்படையாகவே இருந்தது. ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொழிலாகச் செய்யும் குலம் என்று ஒரு சமூகத்தை மாகாண அரசு பரிந்துரைத்து, அறிவிப்பு வெளியானால், அதில் பிறந்த அனைவரையும் பதிவேட்டில் ஏற்றலாம். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரைப் பதிவு செய்வதற்கானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீடு வாசலில் நிலைத்து நிற்காத எவரையும் சந்தேகிக்கும் ஓர் அரசின் மனநிலை புரியும்.

வடக்கே தொடங்கிய இந்தச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்ட பிறகுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதற்குள் கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை வந்துவிட்டது. கல்கத்தாவில் 1897இலேயே கைரேகைக் கூடம் திறக்கப்பட்டிருந்தது. பதிவானவர்கள் பெருவிரல் ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரங்களில் காவல் நிலையத்திலோ ஊர் அதிகாரியிடமோ முகம் காட்ட வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சந்தேகப்படும்படியான இடத்தில் இருந்தார் என்பதற்கே மூன்றாண்டுவரை சிறை. பட்டியலிட்ட குற்றங்களில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழாண்டு. மூன்றாவது முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. வழிச் சீட்டை, பாரசீகச் சொல்லொன்று தேய்ந்த வடிவில், ‘ராதாரிச் சீட்டு’ என்றார்கள்.

இதில் சிக்கியவர்கள் யார் என்று பார்த்தால் பழைய கதையே திரும்புகிறது. கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிவந்தவர்கள் குறவர்களில் ஒரு பிரிவினர். உப்பு அரசின் தனியுரிமையானது. பிறகு ரயில் வந்தது. பொதிமாடு நாள்கணக்கில் கடந்த தூரத்தை வண்டி மணிக்கணக்கில் கடந்தது. தொழில் போன பிறகும் சாலையில் நடமாடிக்கொண்டிருந்தவர்களை அரசு நாடோடித் திருடர் என்று எழுதியது. குண்டூர்ப் பகுதியில் எருகலர் சமூகத்தாருக்காக 1910களில் அமைந்து, சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பின் பொறுப்பில் இருந்த குடியிருப்புக்கு ஹரால்ட் ஸ்டூவர்ட் என்ற அதிகாரியின் நினைவாக ஸ்டூவர்ட்புரம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே ஆந்திரத்தில் வேறு பொருள் தொனிக்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் 1914இல் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அது பிறமலைக் கள்ளர் முழுவதற்கும் விரிந்தது. நிலம் உழுது வாழ்ந்தவர்களும், ஒரு வழக்கும் இல்லாதவர்களும், ஆண் என்பதற்காகவே ரேகை வைக்க வேண்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை எடுக்க வந்த காவல்துறை அங்கே சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சட்டத்தை எதிர்த்து இம்மக்களுக்காக வாதாடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், கோட்டில் ரோஜா செருகும் வழக்கம் உடையவர் என்பதால் ‘ரோசாப்பூ துரை’ ஆனார்.

கொள்ளை ஒழிந்ததா?

தக்குகள் சாலைகளிலிருந்து மறைந்தார்கள் என்பது உண்மை. ரயிலும் தபாலும் வங்கியும் வந்து, பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. கூட்டுக் கொள்ளையோ, தானிய விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் கொள்ளைகள் பெருகின, மழை பெய்ததும் தணிந்தன. பசியோடு வந்த அந்தக் கூட்டங்களை எந்த வம்சாவளிப் பட்டியலும் விளக்காது.

குடியிருப்புகள் செய்த வேலைக்கு ஒரு சான்று சுல்தானா. ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) பாந்து என்ற அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த இவர், நஜீபாபாத் கோட்டைக்குள் சால்வேஷன் ஆர்மி நடத்திய குடியிருப்பில் மனைவி பிள்ளையோடு அடைக்கப்பட்டிருந்தவர். அங்கிருந்து தப்பித்தான் கொள்ளைத் தலைவரானார். அவரைப் பிடிக்கத் தனிப்படையே அமைக்க வேண்டியிருந்தது, 1924இல் தூக்கிலிடப்பட்டார். ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று அவர் பேரில் நாடகங்கள் ஆடினார்கள். 1889இல் தூக்கிலேறிய தாந்தியா பீல் மத்திய இந்தியாவிலும், செம்புலிங்கம் திருநெல்வேலிச் சீமையிலும் இப்படியே பாட்டில் ஏறினார்கள். இவர்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை. போலீசை வெறுத்த ஊர், போலீசை ஓடவிட்டவனைப் பாடியது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் நீக்கியது; நாடு முழுவதும் அது 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகங்களை இப்போது சீர்மரபினர் என்கிறோம். ஆனால் சென்னை மாகாணம் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. குலத்தின் பெயர் எடுபட்டது, பதிவேடும் முகம் காட்டலும் தனி ஆள் பெயரில் தொடர்ந்தன. பழங்குற்றவாளிகளைக் குறிக்கக் காவல் நிலையங்களில் எழுதிவைத்த ‘கே.டி.’ (Known Depredator) என்ற இரண்டு எழுத்துகள்தான் நம் பேச்சில் ‘கேடி’ ஆயின; வகுப்பில் வாலாட்டும் பையனைப் பார்த்து வாத்தியார் ‘சரியான கேடிப்பய’ என்று சொல்லும்போது, அந்தப் பதிவேட்டிலிருந்துதான் படித்துக்கொண்டிருக்கிறார்.